கரிம வரிச் சலுகையையும் பலகையில் எழுதுங்கள்

பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் தேசியப் பருவநிலை மாற்றச் செயலகத்தாருக்கு,

வணக்கம்.

நான் ஜூரோங் தீவில் 22 ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். எண்ணெய், ரசாயன ஆலைகளில் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகை நிறுவனத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். என்னிடம் வேலை பார்க்கும் பையன்களில் பாதிக்கு மேல் புதுக்கோட்டை, சிவகங்கை, கடலூர் பக்கத்துக்காரர்கள். மற்றவர்கள் பங்ளாதேஷிலிருந்து வந்தவர்கள். கரிம வரியில், அதாவது ஆலைகள் வெளியேற்றும் கரியமில வாயு போன்றவற்றுக்கான வரியில், ஆலைகளுக்குத் தரும் சலுகையை வெளியில் சொல்லும்படி உங்களிடம் கேட்கத்தான் இந்த மடல். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வேலைத்தளத்தில் இருக்கும் ஒரு வெள்ளைப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வுக் கூடாரத்தின் வாசலில் அந்தப் பலகையைக் கட்டிவைத்திருக்கிறோம். பக்கத்தில் முக்காலிமேல் ஒரு மீட்டர், அதன் உச்சியில் ஒரு சின்னக் கறுப்பு உருண்டை. வெயில், காற்றின் ஈரம், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அந்த மீட்டர் ஒரே எண்ணாகச் சொல்லும். மணிக்கு ஒரு முறை அந்த எண்ணைப் பலகையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எண் 32 ஆனால், கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33 ஆனால் 15 நிமிடம். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதி இது. வானிலை அறிக்கையில் 33 டிகிரி என்று கேட்டால் நமக்கு அது வழக்கமான மதியம். இந்தக் கறுப்பு உருண்டை காட்டும் 33 வேறு. உடம்பு முழுவதையும் மூடும் தீப்பிடிக்காத தடித்த கவரால் உடுப்பு, ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பவனுக்கு அந்த 33இல் வியர்வை ஆறாக ஓடினாலும் உடம்பு குளிராது.

இந்த விதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். அப்போது ஷட்டவுன் நேரம். ஆலையை நிறுத்திவிட்டு மொத்தமாகக் கழுவிப் பழுதுபார்க்கும் அந்தச் சில வாரங்களில் ஆலைக்காரருக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. ஊரிலிருந்து வந்து இறங்கிய மூன்றாவது நாளே ஒரு பையனைத் தொட்டிக்குள் சாரம் கட்ட அனுப்பியிருந்தார்கள். பதினொன்றரை மணி இருக்கும். "அண்ணே, அவன் பேச்சு ஒரு மாதிரியா இருக்கு" என்று கூட வேலை செய்தவன் ஓடிவந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் சாரக் குழாயில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தோல் காய்ந்துபோய்க் கொதிக்கிறது. எந்த ஊர் என்று கேட்டேன். தன் ஊர்ப் பெயரைச் சொல்ல அவனால் முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி வெளியே கொண்டுவந்தோம், கவராலைக் கத்தரித்தோம், ஐஸ் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம். ஆம்புலன்ஸ் வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான்.

அன்று காலை பத்து மணிக்கே வேலையை நிறுத்திவைக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டிருந்தேன். "எவ்வளவு சூடு? யார் அளந்தது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் எண் இல்லை. "ரொம்ப வெக்கையா இருக்கு சார்" என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அப்படி யாராவது கேட்டால் பலகையைக் காட்டுகிறேன். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண் எல்லாருக்கும் தெரியும் இடத்தில், எல்லாருக்கும் புரியும்படி எழுதப்பட்டிருப்பதுதான் எனக்குப் பலம். சாரம் கட்டும் பையன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, 33 போட்டிருக்கு, பதினஞ்சு நிமிசம்" என்று உரிமையோடு சொல்கிறான்.

சரி, கரிம வரிக்கு வருகிறேன்.

2019இல் டன்னுக்கு 5 வெள்ளி என்று நாம் தொடங்கினோம். தென்கிழக்காசியாவில் கரிம வரி கொண்டுவந்த முதல் நாடு சிங்கப்பூர். 2024இல் அது 25 வெள்ளி ஆனது. 2026க்கும் 2027க்கும் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியேற்றும் நிலையங்கள் இந்த வரியைக் கட்ட வேண்டும். அப்படிப்பட்டவை சுமார் 50தான், ஆனால் நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அவற்றிலிருந்து வருகிறது. இந்த வரியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஐந்து வெள்ளியாக இருந்தபோது எங்கள் தீவில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. 25 வெள்ளி ஆன பிறகு நீராவிக் குழாயில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் உடனே அடைக்கச் சொல்லி எங்களுக்கு வேலை உத்தரவு வருகிறது. வீணாகும் நீராவிக்கும் எரிவாயு எரிகிறது, எரிவாயுவுக்கு வரி இருக்கிறது என்று ஆலைப் பொறியாளர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். வரி வேலை செய்கிறது என்பதை நான் குழாய்களில் பார்க்கிறேன்.

வீட்டிலும் பார்க்கிறேன். நாங்கள் ஜூரோங் வெஸ்ட்டில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் இருக்கிறோம். வரி 25 வெள்ளி ஆனபோது இப்படிப்பட்ட வீட்டுக்கு மாதம் சராசரியாக 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் முன்கூட்டியே சொன்னது. கூடியதைச் சமாளிக்க யூ-சேவ் என்ற மின்சார, தண்ணீர்க் கட்டணத் தள்ளுபடி தந்தது. மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் குளிர்பதனப் பெட்டி வாங்கப் பருவநிலைப் பற்றுச்சீட்டு தந்தது. மின்சாரத்துக்கு எவ்வளவு, தள்ளுபடியில் கழித்தது எவ்வளவு என்பது பில்லில் ஒவ்வொரு வரியாக இருக்கிறது. என் மனைவி அதைப் பேனாவால் கோடு போட்டுப் படிப்பாள். எங்களுக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை.

ஆலைகளுக்கும் தள்ளுபடி இருக்கிறது. அனைத்துலகப் போட்டியில் இருக்கும், அதிகமாக வெளியேற்றும் நிறுவனங்களுக்கு 2024 முதல் மாறுகாலச் சலுகை தருகிறீர்கள். அவர்கள் கட்ட வேண்டிய வரியில் ஒரு பகுதிக்கு விலக்கு. ஆலையின் செயல்திறனை உலகத் தரத்தோடு ஒப்பிட்டு, வெளியேற்றத்தைக் குறைக்க அவர்கள் போட்டிருக்கும் திட்டத்தையும் பார்த்துச் சலுகையைத் தீர்மானிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எந்த ஆலைக்கு எவ்வளவு விலக்கு என்பதை மட்டும் சொல்வதில்லை. அது வணிக ரகசியம் என்பதுதான் இதுவரை வந்திருக்கும் பதில்.

ஓர் ஆலை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 45 வெள்ளி என்றால் 45 மில்லியன் வெள்ளி வரி. பாதிக்கு விலக்கு என்றால் 22.5 மில்லியன். அந்த ஆலையைப் பொறுத்தவரை வரியின் சராசரிச் சுமை டன்னுக்கு 45 வெள்ளியா, 22.50 வெள்ளியா? அதுவும் எல்லா ஆலைகளுக்கும் ஒரே அளவா, ஆளுக்கு ஆள் வேறா? நாளிதழில் 45 என்று படிக்கும் மக்களுக்கு உண்மையான எண் எது என்று தெரியாது. நாட்டின் பருவநிலைக் கொள்கை நிற்பதே இந்த ஓர் எண்ணின்மேல்தான். அந்த எண்ணே பலகையில் இல்லை.

சலுகையே கூடாது என்று நான் எழுத வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஆலைகளால்தான். என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். ஏழு தீவுகளை மண் கொட்டி ஒன்றாக்கியதுதான் ஜூரோங் தீவு. பாலம் திறப்பதற்கு முன்பு அவர் விடிகாலையில் ஜூரோங் படகுத்துறைக்குப் போய்ப் படகேறுவார். செராயா, சக்ரா, மெர்லிமாவ் என்று அவர் சொன்ன தீவுப் பெயர்கள் இன்று சாலைப் பெயர்களாக நிற்கின்றன. ஆலைகள் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அங்கே இன்னும் அதிகமாகப் புகை விட்டு அதே பொருளைச் செய்வார்கள், உலகத்துக்கு ஒரு நன்மையும் இல்லை என்ற உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. எவ்வளவு சலுகை, எவ்வளவு காலத்துக்கு, அதற்குப் பதிலாக அந்த ஆலை என்ன செய்ய ஒப்புக்கொண்டது? இந்த மூன்றையும் வெளியில் சொல்லுங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

சொன்னால் போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடும், முதலீடு போய்விடும் என்ற பயம் எவ்வளவு தூரம் சரி? ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த விவரம் ஆலை வாரியாகப் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. எந்த ஆலை எத்தனை டன் வெளியேற்றியது, அதில் எத்தனை டன்னைக் காசு கட்டாமல் வெளியேற்ற இலவச அனுமதி கிடைத்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவ்வளவு பெரிய கூட்டமைப்பை விடுங்கள், நம்மைவிட மக்கள்தொகை குறைந்த நியூசிலாந்து, எந்த நிறுவனத்துக்கு வெளியேற்றத்துக்காக எத்தனை இலவச அலகுகள் கொடுத்தது என்று ஆண்டுதோறும் பெயரோடு வெளியிடுகிறது. நம் தீவில் இருக்கும் பெரிய நிறுவனங்களில் சில ஐரோப்பாவிலும் ஆலை நடத்துகின்றன. அங்கே அவற்றின் கணக்கு திறந்து கிடக்கிறது. அங்கே ரகசியமில்லாத ஒன்று இங்கே எப்படி ரகசியமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நாம் சின்ன நாடு, உலக வெளியேற்றத்தில் நம் பங்கு 0.1 விழுக்காடுதான் என்று அடிக்கடி கேட்கிறோம். உண்மைதான். ஆனால் 2022இல் நம் மொத்த வெளியேற்றம் கிட்டத்தட்ட 59 மில்லியன் டன். மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 10 டன். என்னிடம் வேலை பார்க்கும் பையனின் ஊரில் இருப்பவர்கள் தலைக்கு இதில் மூன்றில் ஒரு பங்குகூட வெளியேற்றுவதில்லை. அவன் அப்பா காவிரிக் கடைமடையில் மழை தப்பிப் போய் நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கிறார். அவனோ இங்கே வந்து நம் வெயிலில் நிற்கிறான். 0.1 என்ற எண்ணை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்மிடம் வழி குறைவு என்பதும் எனக்குத் தெரியும். அணை கட்ட ஆறு இல்லை. காற்றாலை சுற்ற அளவான காற்று இல்லை. நிலமும் இல்லை. இருந்தும் செய்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மின்சாரத்துக்குப் பெரும்பாலும் எண்ணெயை எரித்துக்கொண்டிருந்தோம். இப்போது ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயு. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறந்த மிதக்கும் சூரியத் தகடுகளைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 45 கால்பந்துத் திடல் அகலத்துக்குத் தண்ணீர்மேல் 122,000 தகடுகள். என் மகள் வெகுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். லாவோஸ் நீர்மின்சாரம் 2022இல் தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கே வரத் தொடங்கியது. இவையெல்லாம் எளிதில் நடந்தவை இல்லை. 2035க்குள் வெளியேற்றத்தை 45 முதல் 50 மில்லியன் டன்னுக்குக் குறைப்போம், 2050க்குள் நிகர வெளியேற்றமே இல்லாமல் செய்வோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் கணக்குக் கேட்கிறேன்.

கணக்கு என்றதும் இன்னொன்று. அப்பாவோடு வெஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உட்கார்ந்தால் கடலில் வரிசையாக நிற்கும் கப்பல்கள் தெரியும். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எண்ணெய் நிரப்பும் துறைமுகம் நம்முடையது. 2024இல் 54 மில்லியன் டன்னுக்கு மேல் விற்றோம். ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிந்தால் சுமார் 3 டன் கரியமில வாயு வரும். பெருக்கிப் பார்த்தால் 160 மில்லியன் டன்னைத் தாண்டுகிறது, நாடு முழுவதும் வெளியேற்றுவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். அனைத்துலகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஊற்றும் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது, தனிக் குறிப்பாகத்தான் எழுத வேண்டும் என்பது ஐநா விதி. அந்த விதியை நாம் எழுதவில்லை, அந்தப் புகை முழுவதும் நம்முடையது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மக்களுக்காக நீங்கள் வெளியிடும் அறிக்கைகளில் 59 மில்லியன் என்று எழுதும் அதே பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதலாம். பள்ளிக்கூடத்தில் பருவநிலை பற்றிப் படிக்கும் என் மகளுக்கு 0.1 விழுக்காடு தெரிந்திருக்கிறது. அப்பா காலத்திலிருந்து நம் கண்ணெதிரே நிற்கும் இந்தக் கப்பல்களின் கணக்கு தெரியவில்லை.

வெளிநாடுகளில் வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டங்கள் விற்கும் கரிமப் புள்ளிகளை வாங்கி, வரி விதிக்கத்தக்க வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை ஈடுகட்டலாம் என்ற ஏற்பாட்டிலும் எந்த நிறுவனம் எந்த நாட்டுத் திட்டத்திலிருந்து எவ்வளவு வாங்கியது என்பதையும் சலுகை விவரங்களோடு சேர்த்து வெளியிடுங்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை.

வெயிலைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு சூடு இல்லை. அன்று சனிக்கிழமை. நாங்கள் வேலையில் இருந்தோம். இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியைக் கையுறை இல்லாமல் தொட முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் அரசாங்கத்தின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு வெளிவந்தது. 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21. நூற்றாண்டின் முடிவில் அது 41ஆகவும் இருக்கலாம், 351ஆகவும் இருக்கலாம் என்று அதில் படித்தேன். 351 என்றால் ஆண்டில் இரண்டு வாரம்தான் மிச்சம். உலகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்தது அந்த வித்தியாசம். அப்படியோர் ஆண்டில் தீபாவளி எந்த நாளில் வந்தாலும் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போக முடியாத வெயிலில் இருக்கும் என்று நினைத்தபோது தாங்க முடியவில்லை.

உயரும் கடலைத் தடுக்க நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளிகூடத் தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். நாட்டின் 30 விழுக்காட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது, ஆகவே அந்தச் செலவு எனக்குப் புரிகிறது. கடலுக்குச் சுவர் கட்டலாம். வெயிலுக்குக் கட்ட முடியாது. சாரத்தின்மேல் நிற்பவனுக்கு, சாலையில் தார் போடுபவனுக்கு, புளோக்கின் கீழ்த்தளத்தில் குப்பை அள்ளும் அம்மாவுக்கு வெயில் நேராக வந்து சேரும். கரிம வரிப் பணத்தில் ஒரு சிறு பகுதியை வெளியில் வேலை செய்பவர்களின் குளிரூட்டிய ஓய்வறைகளுக்கு ஒதுக்கினால் மிகவும் நன்றாக இருக்கும். சின்னக் குத்தகைக்காரர்கள் பலருக்கு அது கைக்கு எட்டாத செலவு. ஓய்வு நேரம் விதியில் இருக்கிறது, ஆனால் அந்த 15 நிமிடத்தைத் தகரக் கூரைக்குக் கீழே கழித்தால் உடம்பில் ஏறிய சூடு இறங்குவதில்லை.

எங்கள் பலகையை முதல்முதலாக வைத்தபோது அதற்கும் எதிர்ப்பு இருந்தது. எண்ணைப் பார்த்தால் பையன்கள் வேலை செய்ய மாட்டார்கள், சாக்குச் சொல்வார்கள் என்றார்கள். ஆலைக்காரர் பார்த்தால் நமக்கு மரியாதை போய்விடும் என்றும் சொன்னார்கள். ஒரு ஷட்டவுன் முழுவதும் பலகையோடு ஓடியது. வேலை குறித்த நாளில் முடிந்தது. யாரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. சூடு ஏறும் நேரத்துக்கு முன்பே கனமான வேலையை முடித்துவிடும்படி மேற்பார்வையாளர்களே அட்டவணையை மாற்றிக்கொண்டார்கள். எண்ணை மறைத்திருந்தால் அப்படி மாற்ற யாருக்கும் தோன்றியிருக்காது. வரிச் சலுகையிலும் இதுதான் நடக்கும் என்று நம்புகிறேன். பக்கத்து ஆலை தன்னைவிடக் குறைவான சலுகையில் அதே பொருளைச் செய்கிறது என்று தெரிந்தால், அதிகச் சலுகை வாங்குகிற ஆலையின் பொறியாளருக்குத் தன் மேலிடத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். அன்று எனக்குக் கிடைக்காத பிடி அது.

2028க்கான வரி அளவை நீங்கள் எப்படியும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்போடு ஒரு பட்டியலும் வரட்டும். வரி கட்டும் ஐம்பது சொச்ச நிலையங்களின் பெயர், ஒவ்வொன்றும் வெளியேற்றிய டன், கழித்த சலுகை, உண்மையில் கட்டிய வரி, குறைப்பதாக ஒப்புக்கொண்ட அளவு. ஒரே தாளில் அடங்கிவிடும். பழைய ஆண்டுகளின் கணக்கை வெளியிடச் சட்டச் சிக்கல் இருந்தால் புதிய ஆண்டிலிருந்து தொடங்குங்கள். முதல் ஆண்டில் பெயரைப் போடத் தயக்கமாக இருந்தால் துறை வாரியாகப் போடுங்கள், அடுத்த ஆண்டு பெயர் வரட்டும். நான்கு மொழிகளிலும் வெளியிடுங்கள். தமிழில் வந்தால் அதை அச்செடுத்து எங்கள் ஓய்வுக் கூடாரத்தில் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைப்பேன். பையன்கள் கட்டாயம் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஜூரோங் தீவில் வேலை பார்க்கும் ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்